வலது தோளுக்கு 20 வீதம், இடது தோளுக்கு மறுப்பு: கொழும்பில் இருந்துகொண்டு அமெரிக்க வி.ஏ. அப்பீலை எப்படிப் போடுவது?

வெள்ளவத்தை லொறி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிரீன் கார்ட் லொத்தரில் அமெரிக்கா போனவன். போன இடத்தில் வேலை ஒன்றும் சரிவராமல் 2008 இல் ஆமியில் சேர்ந்து, லொறிப் பிரிவில் இருந்து, 2016 இல் வெளியே வந்தேன். அம்மாவைப் பார்க்க ஆளில்லை என்பதால் இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஒழுங்கையில் யாரும் கேட்டால் அமெரிக்காவில் ட்ரான்ஸ்போர்ட் வேலை செய்தேன் என்று சொல்லிவிடுவேன். ஆமி என்றால் எந்த நாட்டு ஆமி, ஏன் போனாய், யாரோடு சண்டை பிடித்தாய் என்று விளக்கி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். அதனால்தான் இதை இங்கே வந்து கேட்கிறேன்.

2013 இல் லொறியின் பின்தட்டில் நின்று சாமான் இறக்கும்போது கால் வழுக்கியது. விழாமல் இருக்க வலது கையால் மேலே இருந்த கம்பியைப் பிடித்தேன். உடம்பின் முழுப் பாரமும் அந்தத் தோளில் தொங்கியது. உள்ளே மூட்டைச் சுற்றியுள்ள லேப்ரம் கிழிந்துவிட்டது என்றார்கள். அடுத்த வருடம் ஒபரேஷன். இவை எல்லாம் சேவைக்கால மருத்துவக் கோப்பில் சரியாக இருக்கின்றன. அதற்குப் பிறகு பாரம் தூக்குவது, இழுப்பது, தள்ளுவது எல்லாம் இடது கைதான். 2019 அளவில் அந்தத் தோளும் நோகத் தொடங்கியது. சேவையில் இருக்கும்போது இடது தோளுக்கு நான் மருந்து எடுத்ததில்லை.

வி.ஏ., அதாவது சேவையில் வந்த பாதிப்பை வீதத்தில் மதித்து மாதாமாதம் காசு தரும் அமெரிக்க முன்னாள் படையினர் திணைக்களம். அங்கே க்ளெய்ம் போட்டபோது பரிசோதனையைக் கொழும்பிலேயே ஒழுங்கு செய்தார்கள். டொக்டர் நல்ல மனுசன், மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் அளவுகோல் ஒன்றும் கையில் எடுக்கவில்லை. கையை முன்னால் தூக்கு, பக்கத்தால் தூக்கு என்று சொல்லிக் கண்ணால் பார்த்து எழுதினார். வலது கை முன்பக்கம் 100 பாகை, பக்கவாட்டில் 95 பாகை, நோவோடு. எனக்குச் சில நாட்களில் அந்தக் கை விலாவை விட்டு எழும்பாது. அதையும் சொன்னேன். அறிக்கையில் என்ன இருக்கிறது தெரியுமா? பரிசோதனை நேரத்தில் நோவு கிளம்பியிருக்கவில்லை, ஆகவே ஊகம் செய்யாமல் கருத்துச் சொல்ல முடியாது என்று ஒரு வரி.

முடிவுக் கடிதம் வந்தது. வலது தோளுக்கு 20 வீதம். இடது தோளுக்கு மறுப்பு. வயதோடு வரும் தேய்மானமாம், சேவைக் கோப்பில் ஒன்றும் இல்லையாம், வலது தோளால் வந்திருக்கும் சாத்தியம் குறைவாம். எனக்கு வயது 43.

என் கேள்வி இதுதான். வலது தோளை 30 ஆக்க முடியுமா? நேரே வாஷிங்டனில் இருக்கும் மேன்முறையீட்டுச் சபைக்குப் போவதா, அல்லது வேறு வழி இருக்கிறதா? இங்கே உள்ள டொக்டர் எழுதித் தரும் கடிதத்தை அவர்கள் மதிப்பார்களா? சட்டத்தரணி பிடிக்க வேண்டுமா?


ரத்மலானை மச்சான்:

நேரே போர்டுக்குப் போங்கள் அண்ணா. கீழே இருக்கிறவர்களோடு மினக்கெட வேண்டாம், அவர்கள் போட்டதைத்தான் திரும்பவும் போடுவார்கள். ஹியரிங் கேளுங்கள். ஜட்ஜுக்கு முன்னால் கையைத் தூக்கிக் காட்டினால் அவருக்கே விளங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் டெக்சஸில் அப்படித்தான் செய்தார்.


கோப்புப்பூச்சி:

தம்பி, மேலே மச்சான் சொன்னது நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் இப்போதைக்கு அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் பல வருடம் இரவு வேலை பார்த்தவன். அமெரிக்கச் சட்டத்தரணிகளுக்காக இந்தக் கோப்புகளைப் படித்துச் சுருக்கி எழுதும் வேலை. நான் சட்டத்தரணி இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆனால் தோள்பட்டை, முழங்கால், முதுகு இந்த மூன்றிலும் சபை எப்படி முடிவு எழுதுகிறது என்பது எனக்கு மனப்பாடம். நீங்களும் படிக்கலாம். சபையின் முடிவுகளைப் பெயரை எடுத்துவிட்டு இணையத்தில் போடுகிறார்கள். அவை மற்ற வழக்குகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நாலைந்தைப் படித்தாலே ஜட்ஜ் எதைத் தேடுகிறார் என்று பிடிபட்டுவிடும்.

அவர் உங்கள் தோளைத் தேடுவதில்லை, அறிக்கையில் உள்ள பாகையைத் தேடுகிறார். சபையில் இருக்கும் ஜட்ஜ் சட்டம் படித்தவர், டொக்டர் இல்லை. தானாக ஒரு மருத்துவ முடிவுக்கு வர அவருக்கு அனுமதி கிடையாது. நீங்கள் திரையில் கையைத் தூக்கிக் காட்டினால் அது சாட்சியத்தில் ஒரு பந்தியாக எழுதப்படும். பிறகு அவர் அந்தப் பந்தியையும் டொக்டரின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிப்பார். அறிக்கை குறையாக இருந்தால் 30 தருவதில்லை. திரும்பப் பரிசோதனை செய் என்று கீழே அனுப்புவார். அதாவது வருடக்கணக்கில் வரிசையில் நின்று, கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது இன்னொரு பரிசோதனை. அந்தப் பரிசோதனையைக் கீழேயே வாங்க வழி இருக்கும்போது ஏன் வாஷிங்டன் வரை போக வேண்டும்?

முதலில் 20 எப்படி வந்தது என்று பாருங்கள். தோள் அசைவுக்கான விதியின் இலக்கம் 5201. கை தோள் மட்டத்தோடு, அதாவது 90 பாகையோடு நின்றால் 20 வீதம், எந்தக் கையாக இருந்தாலும். விலாவுக்கும் தோள் மட்டத்துக்கும் நடுவில், 45 பாகையோடு நின்றால் பழக்கக் கைக்கு, அதாவது எழுத, வேலை செய்யக் கூடுதலாகப் பாவிக்கும் கைக்கு 30, மற்றக் கைக்கு 20. 25 பாகையோடு நின்றால் 40, மற்றக் கைக்கு 30. உங்களுக்கு 95, 100 என்று எழுதியிருக்கிறார்கள், கணக்குப்படி 20 கூட வரக்கூடாது. ஆனால் அசைக்கும்போது நோகும் மூட்டுக்கு அந்த விதியில் உள்ள ஆகக் குறைந்த வீதத்தையாவது கொடு என்று 4.59 என்ற பிரிவு சொல்கிறது. 5201 இல் ஆகக் குறைந்தது 20. அதுதான் உங்களுக்கு வந்தது. ஆகவே அந்த 20 இல் அநியாயம் ஒன்றும் இல்லை. அதற்கு மேலே போக 45 பாகை வேண்டும், அது உங்களுக்கு நல்ல நாளில் வராது. நோ கிளம்பும் நாளில்தான் வரும்.

இங்கேதான் உங்கள் அறிக்கை உடைகிறது. சபைக்கு மேலே இருக்கும் நீதிமன்றத்தில் 1995 இல் டெலூக்கா எதிர் பிரவுன் என்று ஒரு தீர்ப்பு. மூட்டைப் பார்க்கும்போது ஒருதரம் தூக்கிக் காட்டிய பாகை போதாது, நோவு, களைப்பு, பலவீனம், நோ கிளம்பும் நேரம் எல்லாவற்றாலும் எவ்வளவு அசைவு குறைகிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். 2011 இல் மிச்சல் எதிர் ஷின்செக்கி அதற்கு ஒரு கடிவாளம் போட்டது: நோவு இருக்கிறது என்பது மட்டும் காணாது, அந்த நோவால் செயல் குறைய வேண்டும். பிறகு 2017 இல் ஷார்ப் எதிர் ஷல்கின். உங்களுக்கு வேண்டியது இதுதான். பரிசோதனை நாளில் நோ கிளம்பியிருக்கவில்லை என்று சொல்லி டொக்டர் தப்ப முடியாது. எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அப்போது என்ன செய்ய ஏலாமல் போகிறது என்று உங்களிடம் கேட்டு, கோப்பையும் பார்த்து, அந்த நேரத்தில் எத்தனை பாகை மிஞ்சும் என்று ஒரு மதிப்பீடு தர வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணம் எழுத வேண்டும். நீங்கள் மேலே எழுதிய அந்த ஒரு வரி, ஷார்ப் தீர்ப்பு வேண்டாம் என்று சொன்ன அதே வரி. நான் பார்த்த கோப்புகளில் இந்த வரியை எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, டொக்டர்மார் ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்கி எழுதுகிறார்களோ என்று நினைப்பேன்.

அளவுகோல் பற்றியும் சொன்னீர்கள். கொனியோமீட்டர், அதாவது மூட்டு அசைவின் பாகையை அளக்கும் கருவி இல்லாமல் அசைவை அளக்கக் கூடாது என்று 4.46 என்ற பிரிவு இருக்கிறது. அதை எழுதுங்கள், ஆனால் அதில் மட்டும் தொங்க வேண்டாம். சரியாக அளந்து 95 க்குப் பதில் 80 என்று வந்தாலும் உங்களுக்கு அதே 20 தான். அது அறிக்கையின் நம்பகத்தை ஆட்டும் ஒரு கல், அவ்வளவே. இன்னொன்று, முன்பக்கத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று என இரண்டு வீதம் கேட்கலாம் என்று யாராவது யூடியூப்பில் சொன்னால் நம்பாதீர்கள். 2013 இல் யோனெக் வழக்கில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள்.

இனி இடது தோள். உண்மையைச் சொன்னால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வலது தோளைவிட இடது தோளுக்குத்தான் மல்லுக்கட்டுவேன். காரணம் காசு. 2025 கணக்கில் தனி ஆளுக்கு 20 வீதம் என்றால் மாதம் 346.95 டொலர். வலது தோளை 30 ஆக்கினால் 537.42. ஆனால் வலது 20 இலேயே நிற்க, இடது தோளுக்கும் ஒரு 20 கிடைத்தால் கணக்கு வேறு. வி.ஏ. இரண்டு 20 ஐக் கூட்டி 40 என்று போடாது. முதல் 20 போக மிஞ்சுவது 80, அதில் 20 வீதம் 16, ஆக 36. இரண்டு கையும் பாதிப்பு என்பதால் அந்த 36 இல் பத்தில் ஒன்றைச் சேர்ப்பார்கள், 39.6. கிட்டிய பத்துக்கு மாற்றினால் 40. மாதம் 774.16 டொலர். இரண்டும் வென்றால், 30 உம் 20 உம், அதே கணக்கில் 50 க்கு வரும். 30 இலிருந்து மனைவி, பிள்ளை இருந்தால் அதற்கும் சேர்த்துத் தருவார்கள்.

இடது தோளுக்கு டொக்டர் எழுதியதில் இரண்டு ஓட்டை. சேவைக் கோப்பில் ஒன்றும் இல்லை என்கிறார். நீங்கள் சேவையில் அடிபட்டது என்று கேட்கவே இல்லையே, வலது தோளால் வந்த இரண்டாம் பாதிப்பு என்றுதானே கேட்டீர்கள். அதற்கு 3.310 என்று தனி விதி. இரண்டாவது, வலது தோளால் இது வந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறார், வலது தோளால் இது மோசமானதா என்று பார்க்கவில்லை. 1995 இல் ஆலன் எதிர் பிரவுன் வழக்கிலேயே மோசமாக்கியதற்கும் நட்டஈடு உண்டு என்று ஆகிவிட்டது. 2013 இல் எல்-அமீன் வழக்கில், வந்ததா என்ற கேள்விக்குச் சொன்ன பதில் மோசமானதா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது என்றார்கள். வயதுத் தேய்மானமாகவே இருக்கட்டும். அந்தத் தேய்ந்த தோளின் மேல் இத்தனை வருடம் இரண்டு கை வேலையை ஏற்றியது யார்?

சரி, வழி. 2019 பெப்ரவரி 19 இலிருந்து மூன்று பாதை. ஒன்று, படிவம் 20-0996, மேல்நிலை மீளாய்வு. புதிதாக ஒரு தாளும் சேர்க்க முடியாது, இருக்கும் கோப்பில் பிழை எங்கே என்று மூத்த அலுவலர் ஒருவர் பார்ப்பார். இரண்டு, படிவம் 20-0995, புதிய ஆதாரத்தோடு போடும் சப்ளிமென்டல் க்ளெய்ம். மூன்று, படிவம் 10182, சபை. முதல் க்ளெய்ம் திகதியை இழக்காமல் இருக்க மூன்றுக்கும் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு வருடம், அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த திகதியிலிருந்து அல்ல. ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டே இருந்தால், வெல்லும்போது காசு முதல் க்ளெய்ம் திகதியிலிருந்து வரும். அதை மட்டும் தவறவிட வேண்டாம்.

நான் சொல்வது சப்ளிமென்டல். உங்களிடம் இப்போது இல்லாத இரண்டு ஆதாரம் இருக்கிறது, அதை உருவாக்க வேண்டும். ஒன்று உங்கள் வாக்குமூலம், மற்றது ஒரு டொக்டரின் கருத்து. வாக்குமூலத்தில் நோ தாங்க ஏலாது, மிகக் கடுமை என்று எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை. ஜட்ஜால் அதை அளக்க முடியாது. நீங்கள் காலி வீதியில் 101 பஸ்ஸில் ஏறினால் மேல்கம்பியை எந்தக் கையால் பிடிப்பீர்கள்? நோ கிளம்பின நாளில் சேட்டுக்குள் கையை எப்படி விடுவீர்கள், பொத்தான் போட வலது கை நெஞ்சு வரை வருமா, வயிறு வரைதானா? பாத்ரூமில் தலைக்குத் தண்ணி ஊற்ற எந்தக் கை? என்ன செய்தால் கிளம்புகிறது, எத்தனை நாள் நிற்கிறது, மாதத்தில் எத்தனை தரம், அந்த நாளில் வேலைக்குப் போவீர்களா? இப்படி எழுதினால் டொக்டர் அதைப் பாகையாக மாற்ற முடியும். கூட்டி எழுத வேண்டாம். உள்ளதை உள்ள உயரத்தில் எழுதுங்கள்.

கண்ணால் கண்டதையும் உடம்பில் உணர்ந்ததையும் சொல்ல உங்களுக்கு டொக்டர் பட்டம் தேவையில்லை, நீதிமன்றம் அதை ஏற்கும். அந்தக் காலத்து மருந்துச் சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளவும் முடியாது. 2006 இல் புக்கானன் வழக்கில் அப்படித்தான் தீர்ந்தது. ஆனால் இடது தோள் ஏன் கெட்டது என்ற காரணத்தை நீங்கள் சொன்னால் எடுபடாது. அதற்குத்தான் டொக்டர்.


தெகிவளை பிசியோ:

கோப்புப்பூச்சி அண்ணா சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் தோளைச் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், இப்படியான அறிக்கைக்காக வந்த ஒன்றிரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

லொறி அண்ணா, உங்களைப் போன்றவர்களிடம் நான் கண்ட பெரிய பிரச்சினை, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவது. டொக்டர் தூக்கு என்றால் தூக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். 60 பாகையிலேயே முகம் சுருங்கிவிடும், ஆனால் கை 100 வரை போகும். அறிக்கையில் 100 மட்டும் பதியப்படும். அந்தப் படிவத்தில் நோ எங்கே தொடங்குகிறது என்று எழுத இடம் இருக்கிறது. தொடங்கும் இடத்தில் வாய் திறந்து சொல்லுங்கள். நடிக்கச் சொல்லவில்லை. நடித்தால் பிடிபடும், நீங்கள் தளர்வாக இருக்கும்போது நாங்கள் பிடித்துத் தூக்கினால் கை சும்மா போய்விடும்.

இன்னொன்று, தோள் நோகிறவர்கள் தங்களுக்குத் தெரியாமலே ஏமாற்றுவார்கள். கையைத் தூக்கும்போது உடம்பை மற்றப் பக்கம் சாய்ப்பார்கள், தோள்பட்டை எலும்பைக் காதுப் பக்கம் குலுக்கித் தூக்குவார்கள். கண்ணால் பார்க்கிறவருக்கு 95 என்று தெரியும். கொனியோமீட்டரின் அச்சைத் தோள்முனை எலும்பில் வைத்து, ஒரு தண்டை உடம்போடும் மற்றதை மேல்கையோடும் பிடித்து, சாயாமல் தூக்கு என்றால் அதே ஆளுக்கு 75 தான் வரும். அது 20 ஐ மாற்றாது என்று அண்ணா சொல்கிறார், சரி. ஆனால் நல்ல நாளிலேயே 75 என்றால், நோ கிளம்பின நாளில் 45 என்று எழுத டொக்டருக்குக் கை வரும். 100 இலிருந்து 45 க்கு இறக்க யாருக்கும் மனம் வராது.

அளக்கும்போது நீங்களாகத் தூக்குவது ஒன்று, நாங்கள் தூக்கிப் பார்ப்பது ஒன்று, பாரத்தோடு ஒன்று, பாரமில்லாமல் ஒன்று, பிறகு மற்றத் தோளையும் ஒப்பிட வேண்டும். 2016 இல் கொரியா என்ற வழக்குக்குப் பிறகு இதெல்லாம் படிவத்தில் வந்துவிட்டது. தோளுக்கு என்ன பாரம் தாங்கும் சோதனை என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கதிரையின் கைப்பிடியில் கையை ஊன்றி எழும்பச் சொல்லிப் பார்ப்பேன், அதிலேயே நிறையத் தெரியும். திரும்பத் திரும்பத் தூக்கிய பிறகும் அளக்க வேண்டும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது உங்களுக்கு ஏலாமல் இருக்கும் என்று நினைக்கிறேன், பின் பொக்கற்றில் பேர்ஸ் எடுக்கக் கஷ்டமா? அது 5201 இல் எண்ணப்படாதாம், எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

டொக்டர் கடிதம் பற்றி: ஒரு எலும்பு முறிவு நிபுணரிடம் போங்கள். போகும்போது சேவைக்கால ஒபரேஷன் அறிக்கையையும் மறுப்புக் கடிதத்தையும் அச்செடுத்துக் கையில் கொடுங்கள். இங்கே டொக்டர்மார் இரண்டு வரியில் எழுதிப் பழகியவர்கள்.


கோப்புப்பூச்சி:

பிசியோ தங்கை சொன்ன கடைசி வரி முக்கியம். இரண்டு வரிக் கடிதத்தைச் சபை தூக்கி ஒரு பக்கம் வைத்துவிடும். எந்த நாட்டு டொக்டர் என்பதை நான் அவ்வளவு பெரிதாகக் கண்டதில்லை. காரணம் எழுதியிருக்கிறாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள். 2008 இல் நியேவெஸ்-ரொட்ரிகெஸ் வழக்கு அதைத்தான் சொன்னது, கோப்பைப் படித்தேன் என்று எழுதினால் போதாது, தர்க்கம் இருக்க வேண்டும். வலது தோள் ஒபரேஷனுக்குப் பிறகு இடது கையில் இன்ன வேலை கூடியது, எம்.ஆர்.ஐ. யில் இன்னது தெரிகிறது, 43 வயதுக்கு இந்த அளவு தேய்மானம் இயல்பா இல்லையா, ஆகவே இது வலது தோளால் வந்தது அல்லது மோசமானது என்பதற்கு ஐம்பதுக்கு ஐம்பதாவது சாத்தியம் உண்டு. அந்த ஐம்பதுக்கு ஐம்பது கட்டாயம் வேண்டும். இங்கே டொக்டர்மார் அடக்கமாக, இதனால் இருக்கலாம் என்று எழுதுவார்கள். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம் என்று அங்கே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் உங்களுக்கு, அது சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சமமாக்கும் வரை தள்ளுவது உங்கள் வேலை.

சட்டத்தரணி கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு ஒரு வெட்டரன்ஸ் (முன்னாள் படையினர்) அமைப்பைப் பிடியுங்கள், டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. எல்லாம் காசு வாங்காமல் செய்கிறவர்கள். சபைக்கோ நீதிமன்றத்துக்கோ போகும்போது சட்டத்தரணி. அவர்கள் வழமையாகப் பின்தேதியிட்டு வரும் நிலுவைக் காசில் 20 வீதம் எடுப்பார்கள், அதற்கு மேலே கேட்டால் ஏன் என்று கேளுங்கள். வி.ஏ. அங்கீகாரம் இல்லாமல் இணையத்தில் முன்காசு கேட்கிற ஆட்களை ஒழுங்கைக்குள்ளேயே விடாதீர்கள்.

மேல்நிலை மீளாய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிக்கை ஷார்ப் தீர்ப்புக்கு முரண் என்று ஒரு பந்தி எழுதி, தொலைபேசிக் கலந்துரையாடலும் கேட்டால், மூத்த அலுவலர் அதைப் பிழை என்று ஏற்று புதிய பரிசோதனைக்கு அனுப்பலாம். கொழும்பு நேரத்துக்கு நடுச்சாமத்தில் கூப்பிடுவார்கள் என்று பயமென்றால் உங்கள் பிரதிநிதியைக் கூப்பிடச் சொல்லலாம். ஆனால் அப்படி வரும் பரிசோதனைக்கு உங்கள் வாக்குமூலமும் டொக்டர் கருத்தும் கோப்பில் இல்லாமல் போவீர்கள். அதுதான் எனக்குப் பிடிக்காதது.


வெள்ளவத்தை லொறி:

அண்ணை, தங்கை, இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பின் பொக்கற் விசயம் சரியாகத்தான் சொன்னீர்கள், பேர்ஸை இப்போது முன் பொக்கற்றில்தான் வைக்கிறேன். மேல்கம்பி இடது கைதான், அதுவும் இப்போது நோகும், அதனால் முன் கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பியைத் தேடுவேன்.

மூன்று சின்னக் கேள்வி. வாக்குமூலத்தைச் சத்தியக்கடதாசியாக எழுதிச் சமாதான நீதவானிடம் முத்திரை குத்த வேண்டுமா? அம்மா பார்த்ததை அம்மா எழுதலாமா, அவருக்குத் தமிழ்தான். மூன்றாவது, நான் எழுதுவது வலது கை, ஆனால் கிரிக்கெட்டில் சின்ன வயதிலிருந்து இடது கை ஆட்டக்காரன். பரிசோதனையில் பேச்சுவாக்கில் அதை டொக்டரிடம் சொல்லிவிட்டேன். பழக்கக் கை எது என்று அதை வைத்துப் பிரச்சினை பண்ணுவார்களா?


கோப்புப்பூச்சி:

முத்திரை தேவையில்லை. எனக்குத் தெரிந்தவரையில் இது உண்மை என்று ஒரு வரி எழுதி, கையொப்பம், திகதி போட்டால் போதும். சமாதான நீதவானுக்குக் கொடுக்கும் காசுக்கு எம்.ஆர்.ஐ. க்குப் போக ஓட்டோ பிடியுங்கள். வலது தோள் ஏற்கெனவே சேவையோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதால் அதன் சிகிச்சைச் செலவை வி.ஏ. யின் வெளிநாட்டு மருத்துவத் திட்டத்தில் திரும்பக் கேட்கலாம், இன்னும் பதியவில்லை என்றால் பதியுங்கள்.

அம்மா தாராளமாக எழுதலாம், படிவம் 21-10210. தமிழில் எழுதட்டும், யாராவது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கையொப்பம் வைத்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அம்மாவிடம், மகன் பாவம் என்று எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். மேல் தட்டில் இருக்கும் அரிசிப் போத்தலை யார் எடுக்கிறார்கள், நோ கிளம்பின நாளில் சாப்பிட எந்தக் கை, அதை எழுதட்டும்.

கிரிக்கெட்டுக்கு: அறிக்கையின் முதல் பக்கத்தில் பழக்கக் கை எது என்று ஒரு கட்டம் இருக்கும், என்ன குறித்திருக்கிறார் என்று பாருங்கள். 20 இல் நிற்கும்வரை எந்தக் கை என்பதால் ஒரு சதமும் மாறாது. 30 கேட்கும்போதுதான் அது பேசும். இரண்டு கைக்காரன் என்று குறித்திருந்தாலும் பயப்பட வேண்டாம், 4.69 இன்படி இரண்டு கையும் பழக்கமானவருக்கு அதிகம் அடிபட்ட கையைத்தான் பழக்கக் கையாக எடுப்பார்கள். இடது என்று குறித்திருந்தால்தான் எழுதித் திருத்த வேண்டும்.


வெள்ளவத்தை லொறி:

பார்த்துவிட்டேன் அண்ணை, வலது என்றுதான் இருக்கிறது. பிசியோ தங்கைக்கு உள்பெட்டியில் மெசேஜ் போட்டிருக்கிறேன், சனிக்கிழமை நேரம் இருந்தால் சொல்லுங்கள். கொனியோமீட்டரோடு.